ஏரோஸ்பேஸ் படித்தால்தான் இஸ்ரோவா?

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளிதான். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல், ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படித்து இஸ்ரோவில் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர்கள், தங்களிடம் ஏரோஸ்பேஸ் சேர்ந்தால் வேலை உறுதி, இடம் குறைவு, இப்போதே முன்பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். நான் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். இந்தப் படிப்பு பெண் பிள்ளைக்கு ஒத்து வருமா? கடன் வாங்கிச் சேர்க்கலாமா? — ஒரு தந்தை, தென்காசி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள ஐயா,

தங்கள் கேள்விகளில் முன்பணம் பற்றியதே அவசரமானது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து கட்ட வேண்டாம். தங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்பது, கடிதத்தில் தாங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் செய்தியாக இருந்தாலும், உண்மையில் அவருடைய கையில் இருக்கும் மிகப் பெரிய உரிமை. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு இயற்றிய சட்டத்தின்படி, இவ்வாறு படித்த மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இந்தச் சலுகை அரசின் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்துக்கு மட்டுமே உரியது. இப்போது தங்களிடம் பணம் கேட்பவர்கள் விற்க முயல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதில் சேர்ந்துவிட்டால், இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய படிப்புக்குத் தாங்கள் நான்கு ஆண்டுகள் வட்டி கட்டிக்கொண்டிருக்க நேரிடும். அதே கல்லூரியே வேண்டும் என்றாலும்கூட, கலந்தாய்வில் அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்வதுதான் முறை.

வேலை உறுதி என்ற பேச்சையும் அத்துடன் ஒதுக்கி வைத்துவிடலாம். இஸ்ரோ வேலைக்கு எந்தக் கல்லூரியும் உத்தரவாதம் தர முடியாது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்தி ஆளெடுக்கும் அரசு நிறுவனம் அது.

இனி மகளின் விருப்பத்துக்கு வருவோம். அவர் சொல்லும் வாக்கியத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: ஏரோஸ்பேஸ் படிக்க வேண்டும் என்பது ஒன்று, இஸ்ரோவில் சேர வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதில்லாமல் இரண்டாவது நடக்காது என்று தங்கள் வீட்டில் அனைவரும் நம்பியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. நடைமுறை அப்படி இல்லை. விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு இஸ்ரோ வெளியிடும் பொதுவான அறிவிப்புகளைப் பார்த்தால், பெரும்பாலான இடங்கள் மின்னணுவியல், இயந்திரவியல், கணினி அறிவியல் ஆகிய பிரிவுகளுக்கே போகின்றன. காரணம் எளிது. ஒரு செயற்கைக்கோளுக்குள் இருப்பதில் பெரும்பகுதி மின்சுற்றுகளும் தகவல்தொடர்புக் கருவிகளும் மென்பொருளும்தான். ஒரு ராக்கெட்டைக் கட்டுவதில் பெரும் உழைப்பு உலோக வேலை, பற்றவைப்பு, வால்வுகள், பம்புகள், வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றில் செலவாகிறது. காற்றியக்கவியலும் பறப்பியக்கவியலும் அங்கே இன்றியமையாதவை என்றாலும், அவற்றுக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை குறைவு. அந்தக் குறைந்த இடங்களுக்கும் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும் போட்டியிடுகிறார்கள்.

பெயர் சொல்லியே காட்டலாம். தங்கள் மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்து, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தது மின்னணுவியலும் தகவல்தொடர்பும். தங்கள் மகள் தொலைக்காட்சியில் பார்த்த சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இயந்திரவியலில் டிப்ளமோ படித்து, அதே துறையில் பட்டம் பெற்று, பின்னர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் ஆனவர். அன்று இஸ்ரோவின் தலைவராக இருந்த சோமநாத், இளநிலையில் கொல்லத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, முதுநிலையில்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏரோஸ்பேஸுக்கு வந்தார். 2025 ஜனவரி முதல் தலைவராக இருக்கும் நாராயணன், நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ மெக்கானிக்கல் வழியாக இஸ்ரோவுக்குள் போனவர், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கடுங்குளிர்ப் பொறியியல் எனப்படும் கிரையோஜெனிக் துறையில் முதுநிலையையும் ஏரோஸ்பேஸில் முனைவர் பட்டத்தையும் பின்னால்தான் பெற்றார். இளநிலையிலேயே ஏரோநாட்டிகல் படித்துத் தலைவரானவர் என்று சொல்ல வேண்டுமானால் சிவன் இருக்கிறார். அவரும் குமரி மாவட்டத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1980-இல் பட்டம் பெற்றவர். ஆக, ஏரோ படித்தும் போகலாம், படிக்காமலும் போகலாம். இஸ்ரோவை முன்னிட்டு மட்டும் ஒருவர் ஏரோஸ்பேஸைத் தேர்ந்தெடுத்தால், அவர் தம் வழியை அகலப்படுத்திக்கொள்ளவில்லை, குறுக்கிக்கொள்கிறார் என்பதே என் கருத்து.

அப்படியானால் யார் இதைப் படிக்க வேண்டும்? இதற்குச் சரியாகப் பதில் சொல்ல, அந்த நான்கு ஆண்டுகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ராக்கெட் ஏவுதலைப் பார்த்துவிட்டுச் சேரும் பிள்ளைகளில் பலர், இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, தாம் எதற்கு வந்தோம் என்று திகைக்கிறார்கள்.

படிப்பு நான்கு தூண்களில் நிற்கிறது. காற்று ஒரு பரப்பின் மீது எப்படி ஓடுகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே பிரிந்து செல்கிறது என்பதைச் சொல்வது காற்றியக்கவியல். மெல்லிய உலோகத் தகடுகளாலும் இழைக் கலவைப் பொருள்களாலும் ஆன உடல் அந்தச் சுமையை எப்படித் தாங்குகிறது என்பது கட்டமைப்பியல். ஜெட் எஞ்சினும் ராக்கெட் எஞ்சினும் உந்துவிசையை எவ்வாறு உண்டாக்குகின்றன என்பது உந்துவியல். இவையெல்லாம் சேர்ந்த ஊர்தி நிலையாகப் பறக்குமா, திருப்பினால் திரும்புமா, சுற்றுப்பாதையில் எங்கே போய்ச் சேரும் என்பது பறப்பியக்கவியலும் கட்டுப்பாடும். முதல் ஆண்டு எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் பொதுவான கணக்கு, இயற்பியல், வரைபடம் ஆகியவற்றில் கழிந்துவிடும். இரண்டாம் ஆண்டில்தான் வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் திண்மப் பொருளியக்கவியலும் ஒன்றாக வந்து இறங்கும். அரியர் விழத் தொடங்குவதும் அங்கேதான்.

சோதனைக்கூடத்தில் நடப்பதைச் சொன்னால் படிப்பின் சுவை விளங்கும். காற்றுச் சுரங்கத்தில் ஓர் இறக்கை மாதிரியை நிறுத்தியிருப்பார்கள். அதன் மேலும் கீழும் குண்டூசி முனையளவு துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, நிறமூட்டிய திரவம் நிற்கும் கண்ணாடிக் குழாய் வரிசைக்குப் போகும். விசிறி ஓடத் தொடங்கியதும் அந்தத் திரவ மட்டங்கள் ஏறியும் இறங்கியும் இறக்கையைச் சுற்றியுள்ள அழுத்தத்தின் வடிவத்தைக் கண்ணெதிரே வரைந்து காட்டும். இறக்கையின் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், முன்விளிம்புக்கு அருகில் மேற்பரப்பில் உறிஞ்சல் வலுத்துக்கொண்டே வரும். ஏறத்தாழ 15 பாகையை நெருங்கும்போது அந்த உறிஞ்சல் திடீரென்று சரிந்து, மேற்பரப்புக் குழாய்களெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். பறக்கும் விமானத்தில் இது நடந்தால் உயரம் இழக்கும். புத்தகத்தில் ஒரு வளைகோடாகப் பார்த்ததை இப்படிக் கண்ணால் பார்க்கும்போது சில மாணவர்கள் மறுநாளும் வந்து சாய்வை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். சிலர் அட்டவணையை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாருக்கான படிப்பு இது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான அடையாளம் அதுதான்.

நான் தொழில் செய்வது கட்டமைப்புப் பக்கம் என்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். கட்டடமாக இருந்தால், சந்தேகம் வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கம்பியும் சிமென்டும் சேர்த்துவிடலாம். விமானத்தில் அது முடியாது. பறக்கும்போது எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையைப் போல் 1.5 மடங்கைத் தாங்கினால் போதும் என்ற மிகக் குறுகிய பாதுகாப்பு எல்லைக்குள்தான் வடிவமைப்பாளர் வேலை செய்ய வேண்டும், ஏனெனில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் ஒரு கிலோ சரக்கையோ எரிபொருளையோ இறக்கிவிடும். ராக்கெட்டில் இது இன்னும் கடுமை: இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ஏவூர்தி புறப்படும்போது சுமார் 640 டன் எடை. உயரமான சுற்றுப்பாதைக்குப் போகும் இடைவழியான புவிநிலைப் பரிமாற்றப் பாதைக்கு அது கொண்டுசேர்ப்பது 4 டன் அளவிலான செயற்கைக்கோளைத்தான். எடையைக் குறைத்துக்கொண்டே போனால் உலோகம் களைப்படையும். 1954-இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் மத்தியதரைக் கடல் பகுதியில் வானிலேயே சிதறின. அதே வகை விமானம் ஒன்றின் உடலை ஃபார்ன்பரோவில் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப் போலத் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள்; சன்னல் திறப்பின் மூலையருகே விரிசல் தோன்றி உடல் பிளந்தது. துணியில் வெட்டு விழுந்த மூலையிலிருந்துதான் கிழிசல் ஓடும் என்பது தையல் தெரிந்த தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உண்மைக்கு எண்ணால் விடை காண்பதுதான் எங்கள் பிழைப்பு. மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் செய்யும் வாக்னர் உத்திரச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது: இரண்டு தடித்த விளிம்புகளுக்கு இடையே பொருத்திய மெல்லிய தகட்டின் மீது சுமையை ஏற்றினால், தகடு குறுக்காகச் சுருக்கம் சுருக்கமாக மடிந்துபோகும், போயிற்று, உடைந்துவிட்டது என்று மாணவர்கள் நினைக்கும் வேளையில், அது அந்தச் சுருக்கங்களின் திசையிலேயே இழுவையாக நின்று மேலும் மேலும் சுமையைத் தாங்கும்.

தங்கள் மகளுக்கு இதில் ஈடுபாடு வருமா என்று இப்போதே அறிந்துகொள்ள வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தை அவர் தேர்வுக்காகப் படிக்கிறாரா, அல்லது குளிரும் காப்பியின் வெப்பநிலைக்கும் பெருகும் நுண்ணுயிரிகளுக்கும் ஒரே சமன்பாடு பொருந்துகிறதே என்று வியக்கிறாரா என்று பாருங்கள். மற்றொன்று: இறக்கையை மேலே தூக்குவது எது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மேற்பரப்பு வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று நீண்ட தூரம் ஓடி, கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையில் சேர்ந்தாக வேண்டும், அதனால் வேகம் கூடுகிறது என்ற விளக்கத்தை அவர் சொல்லக்கூடும். பலரும் அப்படித்தான் படித்திருக்கிறோம். அந்த விளக்கம் தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேலே செல்லும் காற்று உண்மையில் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைச் சொன்னதும், அப்படியானால் சரியான விளக்கம் என்ன என்று அவர் விடாமல் துருவத் தொடங்கினால், தயங்காமல் இந்தப் படிப்பில் சேர்க்கலாம். ஓட்டத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைத்துச் சொல்லும் பெர்னூலி தேற்றம் பதினோராம் வகுப்பிலேயே வந்துவிட்டது, தொடங்குவதற்கு அது போதும்.

படிப்புகளின் பெயர்களைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஏரோநாட்டிகல் என்றால் விமானத்துக்கு முதன்மை, ஏரோஸ்பேஸ் என்றால் அதோடு ராக்கெட்டும் சுற்றுப்பாதையும் சேரும்; இளநிலையில் முக்கால்வாசிப் பாடங்கள் ஒன்றே. ஏவியானிக்ஸ் என்பது விமான, விண்கல மின்னணுவியல். ஆனால் ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியியல் முற்றிலும் வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது விமானங்களைச் சரிபார்த்துப் பறக்கத் தகுதியானவை என்று கையெழுத்திடும் உரிமத்துக்கான பயிற்சி. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளிலும் பணி அனுபவத்திலும் அந்த உரிமம் அடங்கியிருக்கிறது. மதிப்பான தொழில்தான், ஆனால் அது பொறியியல் பட்டம் ஆகாது, இஸ்ரோவின் பொறியாளர் பணிக்கும் வழி ஆகாது. இரண்டையும் ஒன்றெனச் சொல்லி ஆள் பிடிப்பவர்கள் தங்கள் ஊர்ப் பக்கமும் வரக்கூடும்.

எங்கே படிப்பது என்ற கேள்வியில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். ஏரோ படிப்பு சோதனைக்கூடத்தையும் ஆசிரியரையும் நம்பி நிற்பது. அவை இல்லாத இடத்தில் அதே பாடங்களைக் காகிதத்தில் படித்து முடிப்பதில் பொருளே இல்லை. கலந்தாய்வின் வழியாகக் கிடைப்பவற்றில், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகமே முதல் தேர்வாக இருக்க வேண்டும். 1949-இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியில்தான் அப்துல் கலாமும் ஏரோநாட்டிகல் படித்தார். அந்தப் பெருமையைவிட, அங்கே ஆளில்லா விமானங்களை உருவாக்கும் ஆய்வு மையம் ஒன்று இயங்கிக்கொண்டிருப்பதும், மாணவர்கள் அதில் கை வைத்து வேலை பார்க்க முடிவதும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் நல்ல இடம் பெற்றால் மெட்ராஸ், பம்பாய், கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.க்களில் ஏரோஸ்பேஸ் துறை உண்டு. அதே தேர்வின் அடிப்படையில் சேர்க்கும் மற்றொரு நிறுவனம், தங்களுக்கு அதிகத் தொலைவில்லாத திருவனந்தபுரம் வலியமலையில் 2007-இல் இந்திய விண்வெளித் துறை தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி.; அங்கே படித்தவர்களை, காலியிடத்தையும் அவர்களுடைய மதிப்பெண்ணையும் பொறுத்து இஸ்ரோ நேரடியாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இஸ்ரோவுக்கு ஏரோஸ்பேஸ் வழியாகவே நேராகப் போக வேண்டும் என்றால் நாட்டில் அதற்கென்று அமைந்த வாசல் இது ஒன்றுதான், ஆனால் ஜே.இ.இ.க்குத் தனியாகத் தயாராக வேண்டும் என்பதால், இப்போது பிளஸ் டூ தேர்வை நெருங்கிவிட்ட நிலையில் இதை எதிர்பார்த்து மற்றதைக் கோட்டைவிட வேண்டாம். கலந்தாய்வுக் கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதால், பிடித்த இரண்டு பாடங்களோடு நின்றுவிடாமல் வேதியியலையும் அவர் கவனிக்க வேண்டும்.

மற்ற கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி நேரில் போய்ப் பாருங்கள். வாசலில் நிறுத்தியிருக்கும் பழைய விமானத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். காற்றுச் சுரங்கம் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது ஓடியது என்று சோதனைக்கூட உதவியாளரிடம் கேளுங்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். துறையில் எத்தனை ஆசிரியர்கள் ஏரோவிலேயே முனைவர் பட்டம் பெற்றவர்கள் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே அழைத்து, வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் எவை என்று விசாரியுங்கள். வருபவை அனைத்தும் மென்பொருள் நிறுவனங்களாக இருந்தால், அங்கே ஏரோ படித்தும் பலர் கடைசியில் கணினி வேலைக்கே போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்படியானால் நேராகக் கணினியே படித்திருக்கலாம் என்ற தங்கள் உறவினர்களின் வாதம் அந்தக் கல்லூரியைப் பொறுத்தவரை நியாயமானதுதான்.

எம்.ஐ.டி.யோ அதற்கு நிகரான இடமோ கிடைக்காவிட்டால், சோதனைக்கூடமில்லாத கல்லூரியில் ஏரோஸ்பேஸைவிட, நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலோ மின்னணுவியலோ எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டிலிருந்தும் இஸ்ரோ தேர்வை எழுதலாம். இளநிலையில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் தகுதி. ஏரோஸ்பேஸ் மீதான ஆசை நான்கு ஆண்டுகள் கழித்தும் மங்காமல் இருந்தால், கேட் தேர்வு எழுதி இந்திய அறிவியல் கழகத்திலோ ஐ.ஐ.டி.யிலோ முதுநிலையில் அதையே படிக்கலாம். கேட் மதிப்பெண்ணுடன் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு என்பதால் அது வீட்டுக்குச் சுமையாகாது.

ஏரோ படித்தவர்களுக்கு இஸ்ரோவைத் தவிர வேறு இடங்களும் இருக்கின்றன. கேட் மதிப்பெண் அடிப்படையில் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. எடுக்கும் விஞ்ஞானி பணிக்கு ஏரோநாட்டிகலும் ஒரு பிரிவு. விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஏஃப்கேட் தேர்வு வழியாக ஏரோ பட்டதாரிகள், பெண்கள் உட்பட, அதிகாரிகளாகச் சேரலாம். பெங்களூருவில் ஏர்பஸ், போயிங் போன்ற நிறுவனங்களின் பொறியியல் மையங்களும், அவற்றுக்கு வேலை செய்துகொடுக்கும் நிறுவனங்களும் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கும் பாய்மக் கணிப்புக்கும் ஆளெடுக்கின்றன. 2020-க்குப் பிறகு விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதில், ஐதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பரிலும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் 2024 மே மாதத்திலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தத்தம் சோதனை ராக்கெட்டுகளைச் செலுத்தின. அக்னிகுல்லின் எஞ்சின் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மகேந்திரகிரியில் எஞ்சின்களைச் சோதிக்கும் மையம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. தென்மாவட்டப் பிள்ளைக்கு இவையெல்லாம் நல்ல செய்திகள். ஆயினும் இந்தப் புதிய நிறுவனங்கள் சிறியவை, ஆயிரக்கணக்கில் ஆளெடுப்பவை அல்ல என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்பு என்று யாராவது ஆசை காட்டினால், அமெரிக்காவில் ராக்கெட், பாதுகாப்புத் துறை வேலைகளில் பெரும்பாலானவை அந்நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வெளிநாட்டவர்க்கு எட்டாதவை என்பதை நினைவூட்டுங்கள்.

எந்தப் பிரிவில் சேர்ந்தாலும், நான்கு ஆண்டுகளில் அவர் என்ன செய்கிறார் என்பது பெயர்ப்பலகையைவிட அதிகம் பேசும். நேர்காணலுக்கு வருபவர்கள் ஆன்சிஸ், கேட்டியா, மேட்லாப் என்று மென்பொருள் சான்றிதழ்களை அடுக்கி வைக்கிறார்கள். நான் கேட்பது ஒரே ஒரு படம்: ஒரு முனை சுவரில் பதிந்த உத்திரம், மறு முனையில் ஒரு பளு, வளைவுத் திருப்பம் எங்கே அதிகம், மேல் இழை இழுபடுகிறதா அமுங்குகிறதா? சுவரருகே அதிகம், மேல் இழை இழுபடுகிறது என்ற இரண்டு வரிப் பதிலுக்குத் தடுமாறுபவர்கள் பலர். மென்பொருள் வண்ணப் படம் காட்டும். அந்தப் படம் சரியா என்று சொல்ல அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். எனவே முதல் இரண்டு ஆண்டுகள் கணக்கையும் இயக்கவியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு சிறிய விமான மாதிரியைத் தாமே வடிவமைத்துப் பறக்கவிடும் எஸ்.ஏ.இ. போன்ற போட்டிகளில் ஒரு குழுவில் சேர்ந்துவிடட்டும். நுரைப்பலகையை வெட்டி ஒட்டிய இறக்கை முதல் பறப்பிலேயே மூக்குக் குப்புற விழும்போது, எடை மையம் சில சென்டிமீட்டர் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது எந்த வகுப்பையும்விட நன்றாக மனத்தில் பதியும்.

தமிழ் வழியில் படித்தது தடையாகுமா என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனால் மகள் மனத்தில் அந்த அச்சம் இருக்கும். முதல் ஆண்டின் முதல் பாதி கடினமாகத்தான் இருக்கும். கணக்கு அதே கணக்குதான், கலைச்சொற்கள் மட்டுமே புதியவை. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான விடுமுறையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், கணக்குப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை அவர் ஒருமுறை வாசித்துவிட்டால் பாதித் தொல்லை குறைந்துவிடும். பெண் பிள்ளைக்கு ஒத்து வருமா என்ற கேள்விக்கு, சந்திரயான்-2 திட்டத்தை நடத்திய வனிதாவும், அக்னி ஏவுகணைத் திட்டங்களில் தலைமை வகித்த டெஸ்ஸி தாமஸும், முன்பே சொன்ன நிகர் ஷாஜியும் இருக்கும்போது நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேலை பெரும்பாலும் கணினித் திரையிலும் சோதனைக்கூடத்திலும் நடப்பது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கவும், பின்பு பெங்களூரு அல்லது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கவும் வீட்டார் மனம் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

உறவினர்கள் சொல்லும் கம்ப்யூட்டர் மோசமான யோசனை அல்ல; வேலைவாய்ப்பின் அளவில் அதற்கு ஈடாக ஏரோ இல்லை. ஆனால் கணக்கும் இயற்பியலும் பிடித்த ஒரு பிள்ளையை, அவருக்கு ஆர்வமில்லாத பாடத்தில் நான்கு ஆண்டுகள் கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விருப்பப் பட்டியலில் கம்ப்யூட்டரை மெக்கானிக்கல், மின்னணுவியலுக்குப் பின்னால் வைத்தால் போதும்.

கடனைப் பொறுத்தவரை, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் அதற்குத் தேவையே எழாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும், கைச்செலவுக்கு அது உதவும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளி ஒன்றுக்கு மேற்பட்டதாக இருந்தால், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். குடும்பத்தில் அவரே முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும், சாதி, வருமானச் சான்றிதழ்களும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அங்கே நிற்க இடம் இருக்காது.